அந்த முகவரியில் வசிக்கவில்லை

அத்தியாயம் 5

"நீங்க அங்க இல்லைன்னு ரெண்டு தடவை எழுதியிருக்காங்களே தம்பி," என்றாள் கனகவல்லி. "இருக்கீங்களா?"

"இருக்கேன்ம்மா," என்றான் ரூஃபஸ்.

"அதுக்கு என்ன சாட்சி?" என்று கேட்டான் ஜன்னலோரம் நின்றிருந்த தேவராஜ்.

ரூஃபஸ் அந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, "தபால்காரரைத் தவிர வேற யாரும் இல்லை," என்றான்.

கனகவல்லிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இருபத்தெட்டு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவள் அவள். போய்ச் சேராத கடிதங்களைப் பிரித்து, யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று கண்டுபிடிப்பதே வேலை. ஓய்வு பெற்ற மறுமாசமே, காணாமல் போன மனிதர்களைக் கண்டுபிடித்துத் தரும்படி ஆட்கள் செகந்திராபாத்தில் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். தேவராஜ் கிளாக் டவர் பக்கத்து போட்டோ ஸ்டூடியோவில் அரைநாள் வேலை பார்ப்பான். மீதி அரைநாள் அவளுடைய ஸ்கூட்டர், அவளுடைய காலை டிபன், அவளுடைய வழக்குகள்.

இந்த வழக்கில் விசித்திரம் என்னவென்றால், காணாமல் போனவனே நேரில் வந்து உட்கார்ந்திருந்தான்.

ரூஃபஸுக்கு முப்பத்தாறு வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கம்பெனி அவனைப் பயிற்சிக்காகச் செக்கோஸ்லோவாகியாவுக்கு அனுப்பியது. பிர்னோ என்ற ஊரில் இரண்டு வருஷம் இருந்தான். அங்கே ஹானாவைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒப்பந்தப்படி அவன் மட்டும் திரும்பி வந்தான். அவள் இந்தியாவுக்கு வர விசா கேட்டு, அங்கே உள்ள நம் தூதரகத்தில் விண்ணப்பம் போட்டாள். அந்தக் காகிதம் பல ஊர் சுற்றி, கடைசியில் ஒரு போலீஸ்காரர் கைக்கு வரும். அவர் லாலாகுடாவுக்கு வந்து, ரூஃபஸ் என்பவன் இன்ன முகவரியில் வசிக்கிறானா என்று விசாரித்து எழுத வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அவரும் எழுதினார். எழுபத்தைந்து அக்டோபரில் ஒரு தடவை, போன மாசம் ஒன்பதாம் தேதி ஒரு தடவை. இரண்டு தடவையும் ஒரே வாசகம்: மேற்படி நபர் அந்த முகவரியில் வசிக்கவில்லை.

"ஸ்டேஷனுக்கே போய், நாந்தான் ரூஃபஸ், நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னேன்ம்மா. அதை நீ சொல்லக் கூடாது, விசாரணையில தெரியணும்னுட்டாங்க. மூணாவது தடவை விசாரணை இந்த வாரம், லீவு போட்டுட்டு இருக்கேன். இதுலயும் இல்லைன்னு வந்தா ஃபைலை மூடிருவாங்களாம்."

"நீங்க இருக்கறது உங்களுக்கே தெரியக் கூடாதாக்கும்," என்றான் தேவராஜ். "நல்ல டிபார்ட்மென்ட்."

ரூஃபஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினான். ஹானாவின் ஆங்கிலம் எளிமையாக இருந்தது. கனகவல்லி பழைய வழக்கப்படி அதை இரண்டு தடவை படித்தாள்.

'உன்னுடைய அரசாங்கம் நீ அங்கே இல்லை என்கிறது. நீ ஒருவன் மட்டும் இருக்கிறேன் என்கிறாய். நான் யாரை நம்ப? நீ வேறு வீட்டில், வேறு யாருடனோ இருந்தால் அதைச் சொல்லிவிடு. மூன்றாவது தடவையும் இதே பதில் வந்தால், நான் இன்னொரு விண்ணப்பம் போடமாட்டேன்.'

அவள் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒன்பதாம் தேதி நீங்க எங்க இருந்தீங்க?"

"காய்ச்சல்ம்மா. ரூம்லயே படுத்துக் கெடந்தேன். கதவு கூடத் தொறந்துதான் கெடந்துச்சு. ஒருத்தரும் வரல."

"கதவுக்கு வராமலே எழுதிட்டார்," என்றாள் கனகவல்லி. "ஆனா சும்மா எழுதமாட்டாங்க. எத்தனை கவர் பார்த்திருக்கேன். 'ஆள் இல்லை'ன்னு எழுதறது தபால்காரர் கை. சொல்றது வேற ஒரு வாய். வாசல்ல நின்னு யாரோ சொல்லியிருப்பாங்க. எழுதின கையை விட்டுடுவோம் தேவராஜ். சொன்ன வாயைத் தேடுவோம்."

"வாய் கிடைச்சா பல்லைத் தட்டிரலாமா ஆன்ட்டி?"

"முதல்ல ஸ்கூட்டரைத் தட்டு. ஸ்டார்ட் ஆகுதா பாரு."

*

லாலாகுடாவில் ரயில்வே ஒர்க்ஷாப் சங்கு ஊதி, சைக்கிள்கள் உள்ளே போய் ஓய்ந்திருந்தன. ரூஃபஸ் இருந்தது சின்னசாமி என்ற ஒர்க்ஷாப் கொல்லருடைய குவார்ட்டர்ஸின் பின்பக்க அறை. குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது சட்டம். எல்லோரும் விட்டிருந்தார்கள் என்பது நடைமுறை.

"முடிஞ்சது கேஸு," என்று தேவராஜ் கனகவல்லி காதில் சொன்னான். "உள்வாடகை வெளிய தெரிஞ்சா சின்னசாமிக்கு வீடு போகும். அதான் ஆளே இல்லைன்னுட்டார். ஹவ்வா நக்கோவா, ஆமாவா இல்லையா?"

ஷிப்ட் மாற்றத்தில் வீட்டில் இருந்த சின்னசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, பயப்படறவன் எழுதிக் குடுப்பானுங்களா? இந்தத் தம்பி என்ர சொந்தக்காரரு, என்கூடத்தான் இருக்காருன்னு விசாவுக்கு நான்தானுங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். மாட்டினா மொதல்ல மாட்டறது நானுங்க."

தேவராஜ் பேசாமல் கேஸை மறுபடி திறந்துவைத்தான்.

அறைக்குள் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் வரிசையாகத் தகர டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் காகிதம் ஒட்டி, ஆங்கில எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. தேவராஜ் குனிந்து படித்தான். உப்பு. சீரகம். மிளகாய்த்தூள்.

"தனியா இருக்கற ஆம்பளை உப்பு டப்பாவுக்குப் பேர் எழுதி நான் பார்த்ததில்லை."

"எனக்கில்லை," என்றான் ரூஃபஸ். "அவ வந்தா படிச்சுக்கிடட்டும்னுதான்."

காகிதங்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. தேவராஜ் சாய்ந்திருந்த ஒரு டப்பாவை நேராக்கி வைத்தான்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆனது இந்த லைன்ல யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள் கனகவல்லி.

"சின்னசாமி அண்ணனுக்கு மட்டுந்தான்ம்மா."

"ஏன்?"

"எங்க சபையில மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கணும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு. நாங்க நகர மண்டபத்துல கையெழுத்துப் போட்டோம், முடிஞ்சிட்டு. எங்கம்மைக்கு எழுதினேன். 'ஓலை வாசிக்காத கல்யாணம் எனக்குக் கல்யாணமில்லை'ன்னு பதில் வந்துச்சு. பெத்தவளே இல்லைன்னுட்ட பெறகு அடுத்த வீட்டுல போய் என்னத்தச் சொல்லுதது? வேலைக்குப் போறேன், வாறேன். யார்கூடயும் பேச்சில்லை."

"உங்களைத் தேடிப் புது ஆள் யாராவது வந்ததுண்டா? சமீபத்துல?"

"டிசம்பர்ல ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தாரு. ஒரு மணி நேரம் நகரல."

"அவர் மட்டும் எப்படி வந்து சேர்ந்தார்?"

"முனை வீட்டு அக்கா வழி சொன்னாவளாம்."

கனகவல்லி வெளியே வந்து சந்து முழுவதையும் பார்த்தாள். சுவர்களில் வீட்டு எண்கள் எப்போதோ அழிந்துவிட்டன. பின்பக்கச் சந்துக்குள் நுழைய ஒரே வழிதான். அந்த வழியின் முனையில், முதல் வீட்டு வாசலில், ஒரு பெண் வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினை வெளியே போட்டுக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இவர்கள் வரும்போதும் அங்கேதான் இருந்தாள். ரூஃபஸ் கூட வந்ததால் அவளிடம் வழி கேட்க அவசியம் இருக்கவில்லை.

"தபால்காரர் வர்றார். இன்சூரன்ஸ்காரர் பையோட வர்றார். போலீஸ்காரர் மட்டும் வர முடியல," என்றாள் கனகவல்லி. "விசாரணைக்கு மப்டியிலதான் வருவாங்க. பேன்ட், சட்டை, கையில ஃபைலு. இன்சூரன்ஸ்காரருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?"

"இன்சூரன்ஸ்காரர் சிரிப்பார்."

"தேவராஜ், உன் சித்தப்பா பையன் போலீஸ்ல இருக்கானே, கல்யாணம் காட்சிக்கு எதைப் போட்டுட்டு வருவான்?"

"அவன்கிட்ட நல்ல பேன்ட் இருக்கு ஆன்ட்டி. டெரிலின்."

"காலுக்கு."

தேவராஜ் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான்.

"அதே அரக்கு கலர் பூட்ஸுதான். டிபார்ட்மென்ட்ல குடுத்தது. வேற ஜோடி கிடையாது."

"மிஷின் மேல குனிஞ்சு இருக்கறவ கண்ணுல முதல்ல படறது முகமில்லை," என்றாள் கனகவல்லி. "நாளைக்கு அந்த பூட்ஸை வாங்கிட்டு வா."

*

மறுநாள் வியாழக்கிழமை. கனகவல்லி ரப்பர் செருப்பில் தனியாக முதலில் போனாள்.

"இங்க ரூஃபஸ்னு ஒருத்தர் வீடு எதும்மா?"

"பாக்டரி தம்பிதானே? சந்துல மூணாவது கதவு. வெயில்ல வந்துகீறியே, தண்ணி குடிக்கிறியா?"

ஜோலார்பேட்டைத் தமிழ். பெயர் ஆரோக்கியமேரி என்று சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். சொம்பைத் திருப்பி வாங்கும்போது சிரித்தாள்.

அரைமணி கழித்து தேவராஜ் ஃபைலோடு சந்து முனைக்குப் போனான். பூட்ஸ் அவனுக்கு இரண்டு சைஸ் பெரியது. "உள்ள இன்னொரு ஆளை வாடகைக்கு வைக்கலாம் போல இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். உருதுவில் ரூஃபஸ் வீட்டைக் கேட்டான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் வெற்றி இருந்தது.

"வாய் கிடைச்சிருச்சு ஆன்ட்டி. மிஷினை நிறுத்தக்கூட இல்லை. 'அவர் காலி பண்ணிட்டுப் போயிட்டார், மெட்ராஸ்னு கேள்வி'. அவ்வளவு சுத்தமா ஒரு பொய்யை நான் கேட்டதில்லை. அந்த மனுஷன் மேல அவளுக்கு என்ன கோபமோ, வாங்க கேட்டுருவோம்."

"நீ பேசாம வா. பேச வேண்டியது வந்தா நான் பேசறேன்."

அவர்கள் இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் ஆரோக்கியமேரியின் கால் மிதியிலிருந்து நின்றது. தான் தண்ணீர் கொடுத்த அம்மாவையும், தான் பொய் சொல்லி அனுப்பிய ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீயும் போலீஸா?"

"இல்லம்மா. இவனும் இல்லை. பூட்ஸ் இரவல்."

"கடிக்குது வேற," என்றான் தேவராஜ்.

கனகவல்லி படிக்கட்டில் உட்கார்ந்தாள். "உங்கமேல குத்தம் சொல்ல வரல. அக்டோபர்ல ஒருத்தர், போன மாசம் ஒருத்தர். ரெண்டு பேர்கிட்டயும் இதைத்தானே சொன்னீங்க?"

"ஆமா. அதே ஆளு, ரெண்டு வாட்டி." அவள் குரல் தாழ்ந்தது. ஆனால் அதில் ஒரு பெருமை இருந்தது. "ரெண்டு வாட்டியும் அந்தத் தம்பியைக் காப்பாத்தி உட்டேன். அவருகிட்ட நான் சொல்லலை. பயந்துடுவாரு பாவம். இன்னா தப்பு பண்ணாரும்மா அவரு? யூனியனா?"

தேவராஜ் ஃபைலைக் கீழே வைத்தான்.

"ஏம்மா போலீஸ்னாலே இப்படி?" என்று கேட்டாள் கனகவல்லி.

ஆரோக்கியமேரி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எழுவத்தி நாலு, மே மாசம். ரயில்வே ஸ்ட்ரைக்கு. வூடு வூடா பூந்து ஆம்பளைங்களைத் தேடினாங்க. அல்லாரும் மௌலா அலி மலைப்பக்கம் போய்ப் படுத்துக்கினாங்க. எங்க வூட்டுக்காரரு மூணு நாள் கழிச்சு சோறு துண்ண வந்தாரு. அன்னிக்கு பேன்ட் சட்டை போட்டுக்கினு ஒருத்தன் வந்தான். சிரிச்ச மூஞ்சி. 'அண்ணன் இருக்காராக்கா'ன்னான். யூனியன் ஆளுன்னு நெனச்சிக்கினு, 'உள்ள துண்ணுனு கீறாரு, வாங்க'ன்னேன். அப்பறம்தான் காலைப் பார்த்தேன்."

சந்தின் அந்தக் கடைசியில் யாரோ குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கையைக் கழுவக்கூட உடலம்மா. இருவத்திமூணு நாளு ஜெயிலு. வேலை போச்சு, குவார்ட்டர்ஸ் போச்சு. எங்க அக்கா ரயில்வே ஆஸ்பத்திரில ஆயா, இது அவ வூடு. வெளிய வந்தவரு என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். பம்பாய்ல வேலை தேடறேன்னு போனாரு. ஆறு மாசம் கடுதாசி வந்துச்சு. அப்பறம் இல்ல."

கனகவல்லிக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. எந்த முகவரியிலிருந்து வந்தது என்று. வேலைப் பழக்கம். அதை இப்போது கேட்கக் கூடாது என்று விழுங்கிக்கொண்டாள்.

"ரூஃபஸைப் பிடிக்க வரலம்மா அவங்க. அவர் சம்சாரத்தை இங்க கூட்டிட்டு வர்றதுக்கு விசாரிக்க வர்றாங்க. வெளிநாட்டுப் பொண்ணு. அவர் இங்க இருக்கார்னு எழுதினாத்தான் அந்தப் பொண்ணு வர முடியும். ரெண்டு தடவை இல்லைன்னு போயிருச்சு. அவ இவரையே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டா."

ஆரோக்கியமேரி மடித்த துணியை மிஷின் மேல் வைத்தாள்.

"சம்சாரமா? கல்யாணம் ஆனவரா? ஒரு வார்த்தை பேசமாட்டாரே அவரு." பிறகு மெதுவாக, "அடுப்பு மேடையை ரெண்டு செங்கல் ஒசத்திக் கட்டினாரே, போன மழைக்கு. முதுகு வலி போலன்னு நெனச்சேன்."

"அவ அவரைவிட உசரமாம்."

"மாதாவே," என்றாள் ஆரோக்கியமேரி. "நான் இன்னா பண்ணி வெச்சிகீறேன்."

*

பதினோரு மணிக்குச் சந்து முனையில் ஒரு சைக்கிள் சாய்த்து நிறுத்தப்பட்டது. தலை நரைத்த மனிதர். வெள்ளைச் சட்டை, காக்கியல்லாத பேன்ட், கக்கத்தில் ஃபைல். தேவராஜின் கண் நேராகக் கீழே போனது. அரக்கு நிறம். அந்த மனிதரின் கண்ணும் தேவராஜின் காலுக்குப் போனது.

"எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார் உருதுவில்.

"போட்டோ ஸ்டேஷன் சார்," என்றான் தேவராஜ். "பூட்ஸு அண்ணனோடது."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆரோக்கியமேரி பக்கம் திரும்பினார்.

கனகவல்லி வாயைத் திறக்கவில்லை. தேவராஜ் திறக்கப் போனான். அவள் அவன் கையை அழுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதை வழிப்போக்கர் சொல்லி எழுத முடியாது. அதுவும் இல்லாமல், இதை ஆரோக்கியமேரிதான் சொல்ல வேண்டும்.

"ரூஃபஸ். இங்கே வசிக்கிறாரா?"

ஆரோக்கியமேரி மிஷின் பலகையைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான். அந்த பூட்ஸைப் பார்த்ததும் அது தானாகவே வந்து நாக்கில் நின்றிருக்கும்.

"கீறாரு," என்றாள் கடைசியில். உடைந்த உருதுவில் தொடர்ந்தாள். "மூணாவது கதவு. உள்ளதான் இருக்கார். வாங்க."

போலீஸ்காரர் ஃபைலைத் திறக்கவில்லை. அவளை உற்றுப் பார்த்தார்.

"நீதானே ரெண்டு தடவையும் மெட்ராஸ் போயிட்டான்னு சொன்னது?"

"பொய் சொன்னேன்."

"போலீஸ்கிட்ட பொய் சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"நெஜம் சொன்னா இன்னா ஆகும்னு தெரியும்," என்றாள் அவள். "பொய் சொன்னா இன்னா ஆகும்னு நீயே சொல்லு. என்னை இட்டுக்கினு போறதுன்னா போ. மொதல்ல அந்தத் தம்பி இருக்காருன்னு எழுது."

நரைத்த மனிதர் அவளையும், மிஷினையும், வாசலில் ஆம்பளைச் செருப்பு ஒன்றுகூட இல்லாததையும் பார்த்தார். அந்த மே மாசம் அவரும் இதே பேட்டையில்தான் டூட்டியில் இருந்திருப்பார். "கதவைக் காட்டு," என்றார்.

அவளே முன்னால் நடந்தாள். மூன்றாவது கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த ரூஃபஸ், வரிசையாக நின்ற நாலு பேரைப் பார்த்துப் பின்வாங்கினான். இந்த அறை வாசலில் இத்தனை பேர் நின்று அவன் பார்த்ததில்லை.

"பயப்படாத தம்பி," என்றாள் ஆரோக்கியமேரி. "உன் பொண்டாட்டிக்காக வந்துகீறாங்க."

போலீஸ்காரர் கல்யாணச் சான்றிதழைப் பார்த்தார். சின்னசாமியின் கடிதத்தைப் பார்த்தார். கட்டிலின் நுனியில் உட்கார்ந்து, தொடையில் ஃபைலை வைத்து, நிதானமாக எழுதினார். பேனா நகர்வதை ரூஃபஸ் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள் ஆரோக்கியமேரி. "வாசிச்சுக் காட்டு."

அவர் முகத்தைச் சுளிக்காமல் வாசித்தார். மேற்படி நபர் அந்த முகவரியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு ஆகஸ்டு முதல் வசித்து வருகிறார். நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது.

ரூஃபஸ் சுவரில் சாய்ந்துகொண்டான். தேவராஜ் அவசரமாக டப்பாக்களைப் படிக்க ஆரம்பித்தான்.

"பக்கத்து வீட்டு சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்," என்றார் போலீஸ்காரர், ஃபைலை ஆரோக்கியமேரி பக்கம் நீட்டாமலே. "உன் புருஷன் இருக்காரா? இருந்தா கூப்பிடு."

அதுவரை தன் உடைந்த உருதுவில் தானே பதில் சொல்லிவந்தவள், கனகவல்லி பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"இல்லன்னு சொல்லும்மா. இந்த வாட்டி நெஜம்."

கனகவல்லி சொன்னாள். ஒரே வார்த்தைதான். போலீஸ்காரர் ஃபைலைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். ஆரோக்கியமேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.